கண்ட்ரோல் க்ளிக் போட்டால் சுவர்!

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. இறால் ஓடும் இடங்களில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்து, சுழற்சியில் விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக வருகிற பழக்கம். கோட்டைக்குப்பத்துக்காரர் ஒருவர் "இன்னிக்கு ஏன் அவன் வலை? என் முறை எப்போ?" என்று கேட்டால் ஊரில் அதற்குப் பதில் உண்டு. சீட்டு எப்படி விழுந்தது, போன சுற்றில் யார் யார் கட்டினார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். பதில் பிடிக்காமல் போகலாம். கைகலப்பில் கூட முடியலாம். ஆனால் "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்ற பதில் மட்டும் வராது.

இந்த ஏற்பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பாட்டில் பங்கு உள்ளவர்கள் குறிப்பிட்ட சில ஊர்களைச் சேர்ந்த பட்டினவர் மீனவர்கள்தான். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இந்தக் கணக்கில் கிடையாது. மற்ற ஊர்க்காரர்கள் பலரும் கிடையாது. அதனால் தகராறுகளும் நடந்திருக்கின்றன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், விதி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் கிடப்பதால்தான் "இது அநியாயம்" என்று வெளியே நிற்பவரும் விரல் நீட்ட முடிகிறது. கண்ணுக்கே தெரியாத விதியோடு யார் சண்டை போடுவது?

சரி, தலைப்புக்கு வருவோம்.

பசியாவரத்திலிருந்து பொன்னேரிக்குப் படிக்கப் போகும் ஒரு பையனோ பெண்ணோ, அப்பாவின் ஃபைபர் படகுக்காக ஒரு சின்ன ஆப் எழுத உட்கார்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. படகு இப்போது எங்கே இருக்கிறது, முகத்துவாரம் எந்தத் திசையில் எவ்வளவு தூரம், அவ்வளவுதான். (முகத்துவாரமே மண் சேர்ந்து அடைபடும், திறக்கும், இடம் மாறும். போன வருஷத்து வரைபடத்தைப் போனில் வைத்துக்கொண்டு இந்த வருஷம் போனால் படகு மணலில் ஏறும். அது தனிக் கதை.) ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை லேப்டாப்பில் ஏற்றியாகிவிட்டது. இருப்பிடம் கேட்பதற்கு நாலு வரி கூகிள் சொல்லித் தருகிறது. எழுதியாகிவிட்டது. படகின் புள்ளி வரைபடத்தில் தெரிகிறது. சந்தோஷம்.

ஆனால் படிக்கிற பிள்ளைக்கு அங்கே ஒரு கேள்வி வர வேண்டும். இந்தப் புள்ளியை யார் முடிவு செய்தது? கரையில் இருக்கும்போது போன், ஜிபிஎஸ், டவர், வைஃபை எல்லாவற்றையும் கலந்து ஒரு இடத்தைச் சொல்கிறது. நடுக்கடலில் வைஃபை ஏது? டவரும் கைவிட்ட பிறகு இந்தக் கலவை எதை நம்புகிறது? பத்து நிமிஷத்துக்கு முந்தைய புள்ளியையே திரும்பக் காட்டினால் அது பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்படிக் கேட்கிறவனுக்காகத்தான் எடிட்டரில் ஒரு வசதி இருக்கிறது. கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு ஒரு பெயரின் மேல் க்ளிக் செய்தால், அந்தப் பெயர் எழுதப்பட்ட இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகும். அங்கே இன்னொரு பெயர். அதில் க்ளிக். இப்படியே உள்ளே உள்ளே போய், கடைசியில் வேலை நடக்கும் வரியைக் கண்ணால் பார்க்கலாம். டியூஷன் சென்டர் கிடையாது, சொல்லித்தர அண்ணன் கிடையாது என்கிற ஊரில் ப்ரோகிராமிங் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு இது டாலியில் எண்டர் தட்டுவது மாதிரி. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு தொகையின் மேல் நின்று எண்டர் தட்டினால் குரூப், இன்னொரு எண்டர் தட்டினால் லெட்ஜர், அப்புறம் மாதம், கடைசியில் வவுச்சர். அந்த வவுச்சர் வரை போக முடிகிறது என்பதால்தான் மேலே நிற்கும் தொகைக்கு மரியாதை.

நம் பொன்னேரிப் பிள்ளை இருப்பிடம் சொல்லும் அந்தப் பெயரின் மேல் கண்ட்ரோல் க்ளிக் போட்டால் என்ன வரும் தெரியுமா? இசட்இசட்ஏ. இன்னொரு க்ளிக் போட்டால் இசட்இசட்பி. அடுத்தது இசட்இசட்சி. :-)

கிண்டல் இல்லை. அந்த லைப்ரரி கூகிள் ப்ளே சர்வீசஸ் வகையறா. மூலநிரலாக வராது, ஏற்கனவே கம்பைல் பண்ணி, உள்ளே இருக்கும் பெயர்களையெல்லாம் வேண்டுமென்றே சிதைத்து, பொட்டலமாக வரும். எழுதியவர் வைத்த பெயர்கள் போயிற்று. "இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தோம்" என்று எழுதி வைத்த குறிப்புகளும் போயிற்று. எடிட்டர் பாவம், பொட்டலத்தைப் பிரித்து மறுபடி நிரலாக்கிக் காட்ட முயற்சி பண்ணும். கருவாட்டைத் தண்ணீரில் ஊற வைத்தால் மீனாகுமா? வடிவம் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் ஆண்ட்ராய்டிலேயே திறந்த வழி ஒன்று இருக்கிறது. லொக்கேஷன் மேனேஜர் என்று ஆரம்பத்திலிருந்து வருவது. அதன் மூலநிரல் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் கூகிளின் வழிகாட்டிகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது மூடிய வழிக்குத்தான்.

திறந்திருக்கும் பகுதியிலாவது நிம்மதி உண்டா என்றால், ஒரு அப்டேட் போதும். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ப்ராஜெக்டை மாற்றிய மறுநாள், நேற்று வரை ஒழுங்காக உள்ளே போன க்ளிக் இன்று ‘மூலநிரல் கிடைக்கவில்லை’ என்று ஒரு பட்டையைக் காட்டும். காரணம் இதுதான். எஸ்டிகே என்று நாம் இறக்கும் பெட்டிக்குள் இருப்பது உண்மையான ஆண்ட்ராய்டு அல்ல, வெறும் வாசல்கள். ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் பெயர் இருக்கும், வாசல் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லா அறையிலும் ஒரே வரிதான், ‘ஸ்டப்!’ என்று ஒரு பிழையை வீசும் வரி. மூலநிரல் வேண்டுமென்றால் அந்தப் பதிப்புக்குரிய பொதியைத் தனியாக இறக்க வேண்டும். புதிய பதிப்பு வந்தும் அந்தப் பொதி வராமல் ஆட்கள் காத்துக் கிடந்த கதைகளும் உண்டு. மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலை செய்யும் பிள்ளைக்கு, நேற்று கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு "புது எடிஷன் வேணும்னா தனியா வாங்கிக்கோ" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"படிக்க முடியாவிட்டால் என்ன குடி முழுகிவிட்டது? ஆப் ஓடுகிறதே!" என்பார்கள். ஓடவில்லையே, அதுதான் விஷயம்.

2022 அக்டோபரில் இதே இருப்பிட லைப்ரரியின் 21.0.0 பதிப்பு வந்தது. அதுவரை ‘கிளாஸ்’ ஆக இருந்த ஒன்றை ‘இன்டர்ஃபேஸ்’ ஆக மாற்றிவிட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் பெயரும் அதேதான், கூப்பிடும் முறையும் அதேதான். ஆனால் பழைய பதிப்பை நம்பி முன்னமே கம்பைல் செய்யப்பட்ட மற்ற லைப்ரரிகள், புதியதோடு சேர்ந்த உடனே மண்டையைப் போட்டன. "கிளாஸ் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இன்டர்ஃபேஸ் இருக்கிறது" என்ற பிழை வந்து ஆப் மூடிக்கொள்ளும். இதில் கொடுமை, கம்பைல் செய்யும்போது ஒரு எச்சரிக்கையும் வராது. பயன்படுத்துகிறவர் கையில் போய், இருப்பிடம் கேட்கிற அந்த நொடியில்தான் விழும். ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர் என்று எழுதிக்கொண்டிருந்த எத்தனையோ பேர், தாங்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஆப் செத்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள். ‘எது புதுசோ அதை எடுத்துக்கொள்’ என்று எழுதி வைத்தவர்களுக்கு அப்டேட் தானாகவே வந்து இறங்கியது.

அந்த மற்ற லைப்ரரிகளின் மூலநிரல் கையில் இருந்தால் வைத்தியம் என்ன? அநேகமாக ஒரு வரியையும் தொட வேண்டாம். மறுபடி ஒரு தடவை கம்பைல் செய்தால் போதும், ஐந்து நிமிஷ வேலை. மூலநிரல் இல்லாதவர்கள், பொட்டலம் கட்டியவர் எப்போது புதுப் பொட்டலம் கட்டுவார் என்று காத்திருந்தார்கள், அல்லது பழைய 20.0.0 பதிப்பிலேயே ஆணி அடித்து நின்றார்கள். வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருந்தார்களே என்று கூகிள் சார்பில் வாதாடலாம். எழுதியிருந்தார்கள்தான். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார் என்பது உள்ளே மாட்டியவனுக்கு என்ன ஆறுதல்?

படகு ஆப்புக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஊபர் ஆப் மூடிக்கொண்டால் ஆட்டோ பிடித்துப் போகலாம். இருட்டில் முகத்துவாரம் தேடும்போது மூடிக்கொண்டால், அப்பா பழையபடி கரை விளக்கையும் நட்சத்திரத்தையும் நம்ப வேண்டியதுதான். (நல்ல வேளை, அந்தப் படிப்பு அவருக்கு இன்னும் மறக்கவில்லை.)

மூடி வைப்பதற்குச் சொல்லும் காரணங்களில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, நேரம் மிச்சம். முன்னமே கம்பைல் செய்து தந்தால் உங்கள் கம்ப்யூட்டர் கஷ்டப்பட வேண்டாம் என்பது. ரஸ்ட் மொழியில் ஏறக்குறைய எல்லோரும் பயன்படுத்தும் செர்டே என்ற லைப்ரரியின் ஒரு பகுதியில் 2023 ஜூலையில் இதைத்தான் செய்தார்கள். ஒரு சின்ன அப்டேட், 1.0.172 என்று நம்பர். அதில் லினக்ஸ்காரர்களுக்கு மூலநிரலுக்குப் பதில் ஒரு பைனரி வந்து உட்கார்ந்தது. ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்ததும் ஊரே கூடிவிட்டது. எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து தாங்களே கட்டித்தான் வெளியிடுவோம் என்று விதி வைத்திருக்கும் ஃபெடோரா மாதிரியான லினக்ஸ் வெளியீட்டாளர்களுக்கு அந்தப் பைனரியை ஏற்கவே வழியில்லை. அதே மாதம் 1.0.184 பதிப்பில் பைனரியைத் தூக்க வேண்டியதாயிற்று. சில நொடிகள் மிச்சம் பிடிக்க, உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கும் உரிமையை விலையாகக் கொடு என்றால் கேட்பார்களா? கேட்கவில்லை.

"திறந்த மூலநிரலிலும்தானே களவு நடக்கிறது, எக்ஸ்இசட் விவகாரம் ஞாபகம் இல்லையா?" என்று இங்கே ஒருவர் எழுந்து நிற்பார். நல்லா ஞாபகம் இருக்கிறது. 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த அந்தப் பின்வாசல் எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது? எல்லோரும் படிக்கிற நிரலில் இல்லை. பரிசோதனைக்கு என்று வைத்த பைனரி கோப்புகளிலும், வெளியீட்டுக்காகத் தனியாகக் கட்டிய பொதியிலும்! யாரும் படிக்காத மூலையாகப் பார்த்துத்தான் திருடன் ஒளிந்தான். லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று ஒருவர் தோண்டப் போய்ப் பிடிபட்டது. தோண்ட முடிந்ததால் பிடிபட்டது.

இரண்டாவது காரணம் வியாபார ரகசியம். இதில் நியாயம் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. சம்பளம் கொடுத்து எழுதவைத்ததை இலவசமாக இறைக்க எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. ஆனால் கணக்குப் படித்தவர்கள் இதைக் கேட்டு மயங்கக் கூடாது. கம்பெனியின் கணக்குப் புத்தகமும் ரகசியம்தான். அதற்காக ஆடிட்டரிடம் "மொத்தத் தொகை இதுதான், வவுச்சர் ரகசியம், கையெழுத்துப் போடு" என்றால் போடுவாரா? 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிந்தே ஆக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது என்று இந்தியாவில் விதி வந்துவிட்டது. ஒரு கம்பெனியின் செலவுக் கணக்குக்கு இவ்வளவு கறார். கடலில் ஒரு ஆளின் இருப்பிடத்தைக் கணக்கிடும் நிரலுக்கு இசட்இசட்ஏ!

இதில் போக்கு வேறு கவலையாக இருக்கிறது. 2011ல் ஆண்ட்ராய்டு 3.0 வந்தபோது மூலநிரலை வெளியிடாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்து, 4.0 வந்த பிறகுதான் கண்ணில் காட்டினார்கள். அப்போது அது விதிவிலக்கு என்று சமாதானம் சொன்னார்கள். 2025 மார்ச்சில், ஆண்ட்ராய்டு உருவாக்கம் முழுவதையும் உள்கிளைகளுக்குள் கொண்டுபோகிறோம், பதிப்பு வெளியான பிறகு மூலநிரல் தருவோம் என்று அறிவித்தார்கள். தருகிறார்கள்தான். ஆனால் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்வது வேறு, பந்தி முடிந்த பிறகு சமையல் குறிப்பு வாங்குவது வேறு.

பொட்டலமாக வாங்கினால் என்ன ஆகும் என்பதைக் காட்ட அமெரிக்கா வரை போக வேண்டாம். பழவேற்காட்டுக் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் மேலே போவது தெரியும். (ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று இந்த ஊர்களுக்குத்தான் அறிவிப்பு வரும்.) 2013 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ போனது. பிறர் தயவில்லாமல் நமக்கே நமக்கென்று இருப்பிடம் சொல்லும் செயற்கைக்கோள் வரிசையில், அதாவது இன்று நாவிக் என்று அழைக்கப்படுவதில், முதலாவது. அதில் மூன்று ருபிடியம் அணுக்கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் இறக்குமதி. நேரம் தப்பினால் இடம் தப்பும் என்பதால் கடிகாரம்தான் இதற்கு உயிர். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. 2017 தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்தது. செயற்கைக்கோள் நம்முடையது, ராக்கெட் நம்முடையது, ஏவிய மண் நம்முடையது. ஆனால் உள்ளே துடித்தது வாங்கி மாட்டிய பெட்டி. 2023 மே 29 அன்று போன என்விஎஸ்-01ல்தான் முதல்முறையாக உள்நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரம் ஏறியது. ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனத்துக்கே சொந்தமாகச் செய்யப் பத்து வருஷம் பிடித்திருக்கிறது. பொன்னேரிப் பிள்ளை என்ன செய்யும்?

கேட்பது ஒன்றும் நிலாவை அல்ல. பைனரி தருகிறாயா, அதே பதிப்பின் மூலநிரலையும் அதே கதவு வழியாகத் தா. முழுதாகத் தர மனமில்லையா, பெயர்களைச் சிதைக்காமல், குறிப்புகளை வழிக்காமல் தா. அப்டேட் வரும் அன்றே தா.

இப்படி ஒரு விதி ஏற்கனவே உண்டு. ஜாவா லைப்ரரிகளுக்கெல்லாம் பெரிய சந்தையான மேவன் சென்ட்ரலில் பொட்டலம் வைக்க வேண்டுமென்றால் மூலநிரல் பொட்டலமும் கூடவே வைக்க வேண்டும். அருமையான விதி. ஆனால் அதிலேயே ஒரு ஓட்டை. தர முடியாதவர்கள் ஒரு ரீட்மீ கோப்பை மட்டும் உள்ளே போட்டு, மூலநிரல் பொட்டலம் என்று பெயர் ஒட்டி வைத்தால் போதுமாம். வவுச்சர் கேட்ட ஆடிட்டரிடம் "வவுச்சர்" என்று எழுதிய காலி உறையை நீட்டுகிற மாதிரி. முதலில் அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் படகு ஆப் எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது சில உண்டு. லொக்கேஷன் மேனேஜரை நேரடியாகக் கூப்பிட்டு ஜிபிஎஸ் மட்டும் போதும் என்று சொல்லலாம். நடுக்கடலில் வேறெதுவும் கிடைக்கப் போவதும் இல்லை. ஒவ்வொரு புள்ளியோடும் அது எடுத்த நேரமும் வருகிறது, அதைத் திரையில் பெரிதாகக் காட்டினால் பழைய புள்ளி ஏமாற்றாது. லைப்ரரி பதிப்பு எண்ணை முழுதாக எழுதுங்கள், ‘எது புதுசோ அது’ என்று விடாதீர்கள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் எஸ்டிகே மேனேஜரில் ‘பேக்கேஜ் விவரங்களைக் காட்டு’ என்பதைத் தட்டினால் ஒவ்வொரு பதிப்பின் கீழும் மூலநிரலுக்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட மறக்க வேண்டாம். டேட்டா கொஞ்சம் இழுக்கும், கல்லூரி லேபில் இருக்கும்போது போட்டுவிடுவது நல்லது.